குசினி வழியாக வரும் பாஸ்டர்

இரண்டு கால்களிலும் முழங்கால்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டிருக்கிறார் பாஸ்டர் தயாபரன். துணி துவைக்கிற மஞ்சள் கட்டிதான். நமுனுகுல மலைச்சரிவில் தேயிலைக்குள் வளைந்து வளைந்து கீழ் லயத்துக்கு, தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு, இறங்கும் குறுக்குப் பாதையில், மழை நாளில் அட்டைக்குக் குறைவில்லை. "வேதப்புத்தகத்த மறந்துட்டுக்கூடப் போயிருவேன், பாதி மனப்பாடம். சோப்ப மறந்தா முடிஞ்சுது" என்கிறார். மிச்சக் கட்டியைத் தாளில் சுற்றித் தோள்பைக்குள் போடுகிறார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குக் கொண்டுபோகும் திருவிருந்து அப்பமும் அதே பைக்குள்தான் இருக்கிறது. அப்பத்தில் சவர்க்கார வாசம் அடிக்கிறது என்று ஒரு பெரியவர் முறையிட்டாராம். "உள்ளுக்கும் கொஞ்சம் கழுவட்டும் தாத்தா, முழுங்குங்கன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். வயிற்றில் தொடங்கி, தோளைக் குலுக்கி, கடைசியாகத்தான் முகத்துக்கு வந்து சேரும் சிரிப்பு. குட்டை உருவம். முன்வழுக்கை. வெள்ளைச் சட்டைக் காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை. வயது அறுபத்தைந்து. மடுல்சீமையில் ஒரு லயத்து ஒற்றை அறைக் காம்பராவில், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்தவர். படித்து முடித்து, இளம் போதகராக முதன்முதலில் அனுப்பப்பட்டது இந்தத் தோட்டத்துக்குத்தான். பிறகு அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்று ஊவா முழுவதும் மாற்றலாகிச் சுற்றியவர், கடைசி ஐந்து வருடங்களுக்கு மறுபடியும் இதே சபையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய சபைகள் காத்திருக்க, தகரக் கூரை போட்ட இந்தச் சின்னத் தேவாலயத்தை ஏன் கேட்டார் என்று பதுளையில் யாருக்கும் விளங்கவில்லை.

வருகிற குருத்தோலை ஞாயிறோடு அவருக்கு ஓய்வு. இன்று புதன்கிழமை. புதன்கிழமை என்றால் கீழ் லயத்து வீரய்யாவின் வீட்டில் சாயத்தண்ணி, பால் விடாத வெறும் தேநீர், குடிக்கிற நாள். ஐந்து வருடமாக ஒரு புதனும் தவறியதில்லை.

"குடை" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கிறது.

அவருடைய மனைவி செல்வநாயகி. யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்குக் கணக்கு ஆசிரியையாக வந்து, தோட்டத்துப் போதகரைக் கலியாணம் கட்டி, மலையிலேயே தங்கிவிட்டவர். முப்பது வருடமாகியும் பேச்சில் ஒரு சொல்கூட மலையேறவில்லை. "இந்த மனுசன் போற வீடெல்லாம் குடையை விட்டிட்டு வாறார். ஊவா மாகாணத்திலை பாதிப்பேர் என்ர குடையிலைதான் நனையாமல் திரியினம்" என்று, அவரைப்பற்றி எழுத வந்திருக்கும் என்னிடம் சொல்கிறார். "இதிலை, ஊழியத்திலை கற்ற பாடமெண்டு பத்து எழுதித் தரட்டாம். குடையைக் கொண்டுபோனால் திருப்பிக் கொண்டு வரவேணும் எண்டதை முதல் படிக்கட்டும்."

"அது பதினோராவதா போட்டுறலாம், டீச்சர்" என்கிறார் தயாபரன். மனைவியை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. உலகத்துக்கே டீச்சர் என்றால் தனக்கும் டீச்சர்தான்.

அந்தப் பத்துப் பாடங்களின் கதை இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பிரிவுபசார ஆராதனைக்குப் பதுளையிலிருந்து சபைப் பெரியவர்கள் வருகிறார்கள். வாழ்நாள் ஊழியத்தில் கற்ற பத்துப் பாடங்களை அவர் எழுதிவந்து வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. இரண்டு வாரமாக ஒரு கோடு போட்ட தாள் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. ஒன்பது எழுதியாகிவிட்டது. பத்து என்ற இலக்கம் மட்டும் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்ப்பது அவருக்கு இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. சட்டைப் பையை ஒரு தட்டு தட்டுகிறார், நடக்கிறார்.

பாதையில் அவர் வேகம் எனக்கு வரவில்லை. மூடுபனி தேயிலைக்கு மேல் வெள்ளைப் போர்வையாகக் கிடக்கிறது. பாதையோரத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள், "ஐயா, ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போங்க. முழங்கால் வலி தாங்கல" என்கிறார்கள். தயாபரன் நின்ற இடத்தில் கண்ணை மூடுகிறார். "ஆண்டவரே, இந்த முழங்கால்களப் பாருங்க. ஆமென்." நான் கண்ணை மூடுவதற்குள் முடிந்துவிட்டது.

இவ்வளவு சின்ன ஜெபமா என்று கேட்டேன். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். இளம் போதகராக இங்கே வந்த புதிதில், விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் பெண்களை நிறுத்திவைத்து இருபது நிமிடம் ஜெபம் செய்வாராம். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பார்க்கிற அணிவகுப்பு. பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைக்கு முழு நாள் பேர், அதாவது முழுக் கூலி, கிடையாது. "நான் உருகி உருகி ஜெபம் பண்ணேன். பதினோரு பேருக்கு அரைப்பேர் போட்டுட்டாரு கணக்கப்பிள்ளை. அடுத்த நாள் ஒரு அம்மா வந்து, ஐயா, உங்க சாமிக்குக் காது நல்லாக் கேக்குந்தானே, சுருக்கமாச் சொன்னாப் போதாதான்னு கேட்டுச்சு." தோள் குலுங்குகிறது. "அதுதான் தாள்ல ரெண்டாவது பாடம்."

நாலாவது பாடம் ஒரு மண்சரிவு வருடத்தில் கற்றது. மேலேயிருந்து மண் இறங்கி இரண்டு லயங்கள் மூடுண்டு, சனங்கள் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். துன்பத்தின் பொருளைப் பற்றி ஆறு பக்கத்தில் பிரசங்கம் எழுதிக்கொண்டு ஓடினாராம். வாசலிலேயே ஒரு பெண் மறித்தாள். "ஐயா, கக்கூஸுக்குத் தண்ணி இல்ல." பிரசங்கத்தை மேசை இலாச்சியில் வைத்துவிட்டு, கீழ் ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கத் தொடங்கியவர் நான்கு நாள் சுமந்தார். ஐந்தாம் நாள் பிரசங்கத்தைத் தேடினால், பிள்ளைகள் அந்த ஆறு பக்கத்திலும் கப்பல் செய்து வாய்க்காலில் விட்டிருந்தார்கள். "நல்லாத்தான் மெதந்துச்சு" என்கிறார்.

லயம் வந்துவிட்டது. வரிசையாக எட்டுக் காம்பராக்கள். முன்பக்கத்தில், இஸ்தோப்பு என்று இங்கே சொல்லும் சின்ன விறாந்தைகள். தயாபரன் ஒரு விறாந்தையையும் மிதிக்கவில்லை. லயத்தின் கோடியைச் சுற்றி, கோழிக்கூட்டைத் தாண்டி, பின்பக்கமாகப் போகிறார். நாய்கள் குரைக்கவில்லை, அவருக்கென்று ஒரு வாலாட்டல் வைத்திருக்கின்றன. எந்த வீட்டுக்கும் அவர் குசினி வழியாகத்தான் போவார். இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, புகை வருகிற வாசல்தான் அவருக்கு வாசல்.

"முன்னாடி போனா நாற்காலியத் தொடச்சுப் போடுவாங்க. புதுக் கப்பு எறக்குவாங்க. எல்லாம் நல்லா இருக்கோம் ஐயாம்பாங்க. பின்னாடி போனா அடுப்பு எரியுதா இல்லையான்னு நானே பாத்துக்கிருவேன்." அப்புத்தளையில் ஒரு வீட்டுக்கு மூன்று மாதம் முன்வாசலால் போய்ப் புதுக் கோப்பையில் தேநீர் குடித்திருக்கிறார். அந்தக் கோப்பையும் சீனியும் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் காம்பராவில் இரவலாக வாங்கியவை என்பதும், அந்த வீட்டில் மாலை நேரத்து அடுப்பு பற்றுவதே இல்லை என்பதும் நாலாம் மாதம்தான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

வீரய்யாவின் குசினியில் அடுப்பு நன்றாகவே எரிந்தது. இராக்கம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா. கையில குடை இருக்கு. இன்னிக்கு நம்ம வீட்டுக் கணக்குல வரவா?"

"இல்லம்மா, இன்னிக்குத் திருப்பிக் கொண்டுபோகணும்னு கட்டளை."

வீரய்யாவின் மனைவி இராக்கம்மா. அந்தச் சபையில் ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் உட்காருகிறவர். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் கணவன் மனைவி இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது இதே தயாபரன்தான். இராக்கம்மாவுக்கு ஒரு புதுப் பெயர்கூடத் தெரிந்தெடுத்து வைத்திருந்தார். அவர் மறுத்துவிட்டார். "சாமி புதுப் பேரச் சொல்லிக் கூப்புடும். பெரட்டுல கணக்கப்பிள்ளை பழைய பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. நான் யாருக்கு ஆமாங்கன்னு சொல்றது?" போதகர் அதே பெயரிலேயே தண்ணீர் தெளித்தார். தாளில் முதலாவது பாடம் அதுதான்.

வீரய்யா அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஒட்டிய கன்னம், ஆனால் தோளும் மணிக்கட்டும் இன்னும் வேலைக்காரனுடையவை. அவருக்கு மேலே, புகை படும் இடத்தில், ஆணியில் ஒரு தப்பட்டை தொங்கியது. இந்தச் சரிவில் திருவிழா என்றாலும், மாசியில் காமன் கூத்து என்றாலும், சாவு என்றாலும் வீரய்யாவின் அடிதான். கிறிஸ்தவச் சாவுக்கும் அவர்தான் முன்னே அடித்துக்கொண்டு போவார். தேவாலயத்தின் கேட் வரைக்கும். கேட்டில் அடி நின்றுவிடும். சவப்பெட்டி உள்ளே போகும், வீரய்யா வெளியே நிற்பார். முப்பத்தாறு வருடமாக அவர் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை.

காரணத்தைத் தயாபரன் வரும் வழியிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். கல்லூரியில் படித்து வந்த புதிது. கூடப் படித்தவர்கள் தோட்டத்துச் சபை என்றதும் சிரித்த சிரிப்பு காதில் இருந்தது. தன் சபையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. முதல் குருத்தோலை ஞாயிறு. லயத்திலிருந்து பவனி வந்தது. முன்னால் வீரய்யா, ஞானஸ்நானம் பெற்று இரண்டே மாதம், தப்பட்டை அடித்துக்கொண்டு வந்தார். தேவாலய வாசலில் இளம் போதகர் தடுத்தார். "சாவுக்கு அடிக்கிறத உள்ள கொண்டுவராதீங்க. வெளிய வச்சிட்டு வாங்க." வீரய்யா அதைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மழை வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தோல் ஊறிப்போய்க் கிழிந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

"நான் கொழுந்து பறிச்சவ மகன். எங்க அம்மாவத் தூக்கிட்டுப் போனப்பவும் தப்பட்டைதான் முன்னுக்குப் போச்சு. என்னயே நான் வாசல்ல நிறுத்திட்டேன்" என்றார் பாதையில். அதற்குமேல் அட்டை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

ஐந்து வருடப் புதன்கிழமைகளில் அதைப்பற்றிப் பேச அவர் முயன்றதெல்லாம் ஒரே பதிலில் முடிந்திருக்கிறது. காட்டுப்பன்றி, கிரிக்கெட், பேரப்பிள்ளைகளின் பரீட்சை, எதைப்பற்றியும் வீரய்யா பேசுவார். தேவாலயப் பேச்சு வந்தால் மட்டும், "சாயத்தண்ணி ஆறிப்போகுது ஐயா" என்பார். தயாபரன் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

"என் பங்குக்கு நான் சர்ச்சுக்கு வாறேன். அவரு பங்குக்கு நீங்க சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போறீங்க. கணக்கு நேரா இருக்கு" என்பது இராக்கம்மாவின் தீர்ப்பு.

இன்று கடைசிப் புதன். இராக்கம்மா சாயத்தண்ணியையும் கையில் நக்கிக்கொள்ளக் கொஞ்சம் சீனியையும் கொடுத்தார். தயாபரன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வீரய்யாண்ணே. அன்னிக்கு நான் செஞ்சது பெரிய குத்தம். வாசல்ல உங்கள நிறுத்துனது. மன்னிப்புக் கேக்கத்தான் இந்தச் சபைக்கு வந்தேன். அஞ்சு வருஷமா வாய் வரல."

"சாயத்தண்ணி ஆறிப்போகுது ஐயா."

"ஆறட்டும்."

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. எனக்கு அது இடி மாதிரிக் கேட்டது. இராக்கம்மாவின் கையில் ரொட்டி மாவு அப்படியே நின்றது.

வீரய்யா நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வாசல்ல நிறுத்துனதுக்கு நான் கோவிக்கலீங்க. சின்ன வயசு ஐயா, படிச்சு வந்தவரு, வெளிய வைன்னா வைக்கிறதுதான். உள்ள வந்து ஒக்காந்தேன்ல?"

"ஆமா."

"தகரத்து மேல மழ விழுந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. எங்கப்பா போட்ட தோலு அது. நான் எந்திரிச்சேன், எடுத்து உள்ளுக்குச் சாத்திட்டு வந்துருவோம்னு. நீங்க பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருந்தீங்க. என்னையப் பாத்தீங்க." வீரய்யா வலது கையை உயர்த்தினார். உள்ளங்கை கீழே பார்க்க, ஒருமுறை அழுத்திக் காட்டினார். "உக்காருன்னு. ஒக்காந்துட்டேன். மழ பேஞ்சு முடியிற வரைக்கும் அதக் கேட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்."

தயாபரன் நிமிர்ந்தார். "அது எனக்கு ஞாபகமே இல்லண்ணே."

"எனக்கு இருக்கு."

வாசலில் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் முப்பத்தாறு வருடம் உள்ளுக்குள் மன்றாடியிருக்கிறார். காயம்பட்டதோ வேறு இடத்தில். ஒரு கை அசைவு. செய்தவருக்கு நினைவிலேயே இல்லாத ஒரு கை அசைவு. தயாபரன் தன் வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

இராக்கம்மாதான் அந்தக் கனத்தைக் கலைத்தார். "ரெண்டு பேரும் இப்பிடியே இருங்க, ரொட்டி கருகுது." பிறகு கணவரிடம், "முப்பத்தாறு வருஷமா எங்கிட்டக்கூட இதச் சொல்லல நீ" என்றார்.

"நீ கேக்கல."

"கேட்டாலும் சாயத்தண்ணி ஆறுதும்ப."

வீரய்யாவின் வாயோரம் லேசாக அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று தயாபரன் கேட்கவில்லை. ஆறிய சாயத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "வாறேண்ணே" என்று எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு போக மறக்கவில்லை. மேல் பாதையில் பாதிதூரம் வந்தபிறகுதான், திரும்பிவரப் பூசுவதற்கு எடுத்துவைத்த சோப்புக் கட்டியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அன்றைக்கு அட்டைகளுக்கு விருந்து.

ஞாயிறு காலையில் மழை சின்னதாகத் தூறிக்கொண்டிருந்தது. தென்னை இந்த உயரத்தில் வளராது. பதுளையிலிருந்து குருத்தோலைக் கட்டுகளைத் தன் ஆட்டோவில் ஏற்றிவந்தார் ஸனூஸ். ஐந்து வருடமாக இந்தப் பொறுப்பு அவருடையது. "ஐயா போனாலும் ஓல வரும். புது ஐயாட்ட சொல்லி வைங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "சிரிக்கிற ஆளா அனுப்பச் சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கீழ் லயத்திலிருந்து வண்டிப் பாதையில் பவனி புறப்பட்டது. பிள்ளைகள் ஓலையை ஆட்டினார்கள். பாட்டு ஆளுக்கொரு சுருதியில் போனது. தயாபரனின் சுருதி எல்லோரையும்விட மோசம். அவர் வெள்ளை அங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப் பையை ஒரு தட்டு தட்டினார். பத்தாவது இலக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. லயத்தின் கோடியைக் கடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வீரய்யாவின் கதவு சாத்தியிருந்தது. முன்னே நடந்தார். சிரிப்பு முகத்தில் இருந்தது, தோளில் இல்லை.

இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொப், தொப் என்று, ஈரச் சாக்கைத் தடியால் அடிக்கிற மாதிரி.

பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். மூடுபனிக்குள்ளிருந்து வெள்ளை வேட்டியும், தலையில் துண்டும், தோளில் தப்பட்டையுமாக வீரய்யா ஏறி வந்துகொண்டிருந்தார். இராக்கம்மா மட்டும் திரும்பவில்லை. "யாரோ வாறாங்க போல" என்று ஓலையைச் சரிசெய்துகொண்டார். அவர் கன்னத்தில் மழையோடு வேறொன்றும் இறங்கியதை நான் பார்த்தேன்.

பிள்ளைகள் மறுபடியும் பாடத் தொடங்கினார்கள், இப்போது இரண்டு மடங்கு சத்தமாக. அந்தத் தொப்பு தொப்புக்கு ஏற்றபடி கால்கள் தாமாகவே ஆடின. ஸனூஸ் ஆட்டோவுக்குள் இருந்து தாளத்துக்கு ஹோர்ன் அடித்தார்.

கேட் வந்தது. சனங்கள் உள்ளே போனார்கள். அடி நின்றது. வீரய்யாவின் கால் பழக்கப்படி கேட்டில் நின்றுவிட்டது. பதுளைப் பெரியவர்கள் மாலையோடு முன்வரிசையில் காத்திருக்க, தயாபரன் வாசலிலிருந்து இறங்கிக் கேட்டுக்குத் திரும்பி வந்தார்.

"உள்ள வாங்கண்ணே."

"வாறேங்க. அதுக்குத்தானே வந்தேன்." வீரய்யா தோலை விரலால் தட்டிக் காட்டினார். "ஆனா இந்தச் சத்தத்தோட வந்தா உங்களுக்கும் வெக்கக்கேடு, எனக்கும் வெக்கக்கேடு. பனியில தோல் எறங்கிப் போச்சு. சூடு காட்டணும். வெறகெல்லாம் ஈரம்."

தயாபரன் அவர் முழங்கையைப் பிடித்துக் கேட்டுக்கு உள்ளே கூட்டிவந்தார். தேவாலயத்துச் சுவரோரம், கூரைத் தகரத்துக்குக் கீழே, அந்தப் பழைய தப்பட்டையைச் சாத்திவைத்த அதே இடத்துக்கு. பிறகு உள்ளறைக்கு ஓடினார். போன வருடக் குருத்தோலைகள் காய்ந்துபோய் அங்கே ஒரு மூலையில் கிடந்தன. இரண்டு கை நிறைய அள்ளிவந்து போட்டார். மெழுகுதிரிக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தார். மலைப்பனி குடித்திருந்த ஓலை முதல் குச்சிக்குப் பற்றவில்லை. இரண்டாவதற்கும் பற்றவில்லை.

அவர் அங்கிக்குள் கையை விட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கோடு போட்ட தாளை எடுத்தார். பிரித்தும் பார்க்கவில்லை. ஓலைக்கு அடியில் செருகி, மூன்றாவது குச்சியை அதில் வைத்தார். ஒன்பது பாடங்களும் மஞ்சளாக எரிந்தன. ஓலை பற்றியது.

கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் நெருப்பில் விழாமல் இராக்கம்மா ஒரு குடையை விரித்துப் பிடித்தார். கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது.

"இது உங்களதுதான் ஐயா. நாலு வருஷமா நம்ம வீட்டுல இருக்கு."

"என்ர கடவுளே, அந்த நீலக் கைப்பிடி" என்றார் செல்வநாயகி, வாசலில் நின்றபடி.

தயாபரனின் தோள் குலுங்கத் தொடங்கியது. வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டு, நெருப்புக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார். தப்பட்டையை வீரய்யாவிடமிருந்து வாங்கி, தோல் நெருப்பைப் பார்க்கப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் மேல பிடிங்க, கருகிரும்" என்றார் வீரய்யா. "இப்ப திருப்புங்க. மெதுவா."

ஆராதனை மணி அடித்தது. உள்ளே, போதகரைக் காணாமல், முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வாசலை நோக்கி வரப் பார்த்தார். தயாபரன் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கை கீழே பார்க்க, உட்காருங்கள் என்று ஒருமுறை அழுத்திக் காட்டினார். இடது கை தப்பட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தது.